ஐந்து வயது மகளுக்கு ரயில் அறை: வாடகை வீடு, ஏழாயிரம் ரூபாய். யோசனை சொல்லுங்கள்

குரோம்பேட்டை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது முடிகிறது. இரண்டு படுக்கையறை உள்ள வாடகை வீடு. சின்ன அறையில் இதுவரை அயர்ன் செய்ய வேண்டிய துணிகளும் பழைய சூட்கேஸ்களும்தான் இருந்தன. அதைக் காலி செய்து அவளுக்கே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். 10 அடிக்கு 9 அடி அறை. ஒரு ஜன்னல், ஒரு சுவர் அலமாரி, மேலே பரண்.

அவளுக்கு ரயில் என்றால் உயிர். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பீச் - தாம்பரம் லைன் தெரியும். கண்ணை மூடிக்கொண்டே மின்சார ரயிலா, எக்ஸ்பிரஸா, சரக்கு வண்டியா என்று சத்தத்தை வைத்துச் சொல்வாள். அதனால் அறை முழுக்க ரயிலாகவே இருக்க வேண்டும் என்று ஆசை.

கடையில் ரயில் வடிவக் கட்டில் விலை கேட்டேன். அந்தப் பணத்தில் எங்கள் மூன்று மாத வாடகையைக் கட்டிவிடலாம். எங்களால் முடிந்தது மொத்தம் 7,000 ரூபாய். அப்புறம் வீட்டுக்காரரின் நிபந்தனைகள்: புதிதாக ஆணி அடிக்கக் கூடாது, பெயிண்ட் அடிக்கலாம், ஆனால் காலி செய்யும்போது பழையபடி வெள்ளை அடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அட்வான்ஸில் ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வார்.

எங்கே ஆரம்பிப்பது?

மழைத்துளி:

ஆன்லைனில் ரயில் சுவர் ஸ்டிக்கர் செட் நிறைய இருக்கிறது தோழி. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒட்ட ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிடும். ரயில் படம் போட்ட பெட்ஷீட், அதே மாதிரி திரைச்சீலை. 3,000 ரூபாய்க்குள் அடங்கும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் இதுதான் சுலபம்.

வர்ணம் 25:

பெயிண்டர் தொழிலில் 25 வருடமாக இருக்கிறேன். ஸ்டிக்கர் வாங்கும் முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள் அம்மா. உள்ளங்கையை ஈரமில்லாமல் துடைத்துவிட்டுச் சுவரில் அழுத்தித் தேயுங்கள். கையில் வெள்ளையாக மாவு மாதிரி ஒட்டினால் அது டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பு. வாடகை வீடுகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். அதில் ஸ்டிக்கர் நிற்காது. ஓரம் முதலில் சுருளும், குழந்தை அந்த ஓரத்தைத்தான் பிடித்து இழுக்கும், டிஸ்டெம்பரும் சேர்ந்து பெயர்ந்து வரும். அப்புறம் வீட்டுக்காரரிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கையில் எதுவும் ஒட்டவில்லை, ஈரத்துணியால் துடைத்தாலும் சாயம் வரவில்லை என்றால் எமல்ஷன். அதில் ஸ்டிக்கர் நிற்கும். எடுக்கும்போது தலைமுடி காயவைக்கும் டிரையரால் லேசாகச் சூடு காட்டி மெதுவாக உரித்தால் சுவருக்குச் சேதம் குறைவு.

பெயிண்ட் அடிக்கிற யோசனை இருந்தால் சொல்கிறேன். டிஸ்டெம்பர் மேல் நேரடியாக எமல்ஷன் அடிக்கவே கூடாது. சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் ஒரு கை அடித்து, அதற்குமேல் இரண்டு கை எமல்ஷன் ஓட்ட வேண்டும். ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கைக்குச் சுமார் 60, 70 சதுர அடி வரும். ஒரு சுவரின் கீழ்ப்பாதி மட்டும் என்றால், 10 அடி அகலம் 4 அடி உயரம், 40 சதுர அடி. ஒரு லிட்டர் தாராளம். கலர் டின் தனித்தனியாக வாங்காதீர்கள். ஒரு வெள்ளை எமல்ஷன் டின், சின்னச் சின்ன ஸ்டெயினர் பாட்டில்கள். சொட்டுச் சொட்டாகக் கலந்தால் பல நிறங்கள் கிடைக்கும்.

இன்னொன்று முக்கியம். ஜன்னல் கம்பியிலும் கதவிலும் இருக்கும் பழைய எனாமல் பெயிண்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். வீட்டு உபயோக பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த எனாமலில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அந்தத் தூசி குழந்தையின் கையிலும் வாயிலும் போகும். தேய்த்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், குழந்தையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

குரோம்பேட்டை அம்மா:

அண்ணா, சோதித்துப் பார்த்தேன். கை முழுக்க வெள்ளை. டிஸ்டெம்பர்தான். ஸ்டிக்கர் ஆசை போய்விட்டது. சுரண்டிப் பிரைமர் அடித்து, காலி செய்யும்போது மறுபடியும் வெள்ளை என்றால் செலவு இரண்டு தடவை ஆகுமே? சுவரைத் தொடாமலே ஏதாவது வழி இருக்கிறதா?

ஈரோட்டு நெசவு:

வழி இருக்குங்க அக்கா. துணியில் செய்யுங்கள்.

எங்கள் பக்கம் காடா துணி (வெளுக்காத பருத்தித் துணி) மீட்டர் கணக்கில் சல்லிசாகக் கிடைக்கும். சென்னையிலும் பாரிமுனை கோடவுன் தெருவில் கேளுங்கள். அகலமான பன்னாவாகப் பார்த்து வாங்கி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசுங்கள். கஞ்சி போய், சுருங்க வேண்டியது சுருங்கிவிடும். காய்ந்ததும் அயர்ன் செய்து அதில் வரைந்து சுவர் மறைகிற மாதிரி தொங்கவிடுங்கள். வீடு மாறும்போது சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். குழந்தைக்கு ரயில் சலித்துவிட்டால் துணியைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் வேறு வரையலாம். அட்வான்ஸும் பத்திரம்.

தரைக்கு பவானி ஜமக்காளம் வாங்குங்கள். 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்த சரக்கு, இன்னமும் கைத்தறியில் நெய்கிறார்கள். பட்டை பட்டையாகக் கலர் ஓடும். அந்தப் பட்டைகள் தாம் தண்டவாளம்! எங்கள் வீட்டுப் பையன்கள் அதன் மேல்தான் தீப்பெட்டி ரயில் ஓட்டுவார்கள். ஒரு கோட்டில் ஒரு வண்டி, பக்கத்துக் கோட்டில் எதிர்வண்டி. நாம் எதுவும் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். அழுக்கானால் துவைக்கலாம், விருந்தாளி வந்தால் ஹாலில் விரிக்கலாம். ரயில் படம் அச்சடித்த நைலான் கார்பெட்டை இதற்குப் பக்கத்தில் வைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

கூட்டுறவு சங்க முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விசைத்தறியில் நெய்ததையும் பவானி என்று சொல்லி விற்கிறார்கள், அது கைத்தறிக்காரர் வயிற்றில் அடிக்கிற வேலை.

வர்ணம் 25:

துணி யோசனை அருமை. வரையும் முன் காடாவில் பிரைமரைத் தண்ணீர் கலந்து மெல்லிசாக ஒரு கை ஓட்டிவிடுங்கள், இல்லையென்றால் பெயிண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். எமல்ஷனும் மெல்லிசாகத்தான். கெட்டியாகப் பூசினால் சுருட்டும்போது வெடிக்கும். நேர்கோட்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்து, பெயிண்ட் முழுக்கக் காய்வதற்குள் டேப்பை எடுத்துவிட வேண்டும். காய்ந்தபின் எடுத்தால் ஓரம் பிய்ந்து வரும்.

அருவி:

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தனி அறை எதற்கு? நம் வீடுகளில் ஏழெட்டு வயது வரை அம்மா பக்கத்திலோ பாட்டி பக்கத்திலோதானே படுக்கிறார்கள்? அலங்காரம் எல்லாம் செய்து முடித்தபின் முதல் நாள் ராத்திரியே தலையணையைத் தூக்கிக்கொண்டு உங்கள் அறைக்கு வந்துவிடுவாள்.

குரோம்பேட்டை அம்மா:

வரட்டுமே அருவி அக்கா, கதவு திறந்துதான் இருக்கும். தனியாகத் தூங்கப் பழக்க வேண்டும் என்று இதைச் செய்யவில்லை. ஊரிலிருந்து என் மாமியார் மாதத்தில் பாதி நாள் வந்து இருப்பார். அந்த அறையில் அவரும் இவளும்தான். பகலில் விளையாட ஓர் இடம், இரவில் பாட்டியோடு கதை. அவ்வளவுதான்.

பாலர் வகுப்பு டீச்சர்:

அப்படியென்றால் இன்னும் நல்லது. நான் எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகளோடு வெகுகாலமாக இருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்று அழுத்திச் சொல்கிறேன்: குழந்தையின் அறையில் பணமும் உழைப்பும் தரையிலிருந்து மூன்றரை அடிக்குள் போக வேண்டும்.

ஐந்து வயதுக் குழந்தையின் உயரமே கிட்டத்தட்ட மூன்றரை அடிதான். நாம் படம் மாட்டுவது நம் கண் மட்டத்துக்கு, ஐந்தடி உயரத்தில். அது புகைப்படத்தில் அழகாக இருக்கும். குழந்தை அதை அண்ணாந்து ஒருமுறை பார்க்கும், அவ்வளவுதான், அப்புறம் அது இருப்பதே ஞாபகம் இருக்காது. கை படுகிற உயரத்தில் இழுக்க, திருப்ப, ஒட்டிப் பிரிக்க ஏதாவது இருந்தால் மணிக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அறையைப் பார்த்து வருகிறவர்கள் “ஆகா” என்பதற்காகச் செய்வது வேறு, குழந்தை அதற்குள் விளையாடுவதற்காகச் செய்வது வேறு. கையில் 7,000 தான் இருக்கிறது என்றால் இரண்டாவதை மட்டும் செய்யுங்கள்.

அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். “உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும்” என்று கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் செய்ய வேண்டாம். சக்கரத்துக்குத் தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைவதும், கறுப்பு பூசுவதும் அவளால் முடியும். கோணலாகத்தான் இருக்கும். இருக்கட்டும், அவள் அறைதானே.

பொன்மலை கார்டு:

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். (2022-லிருந்து அந்தப் பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். எனக்குக் கார்டுதான் பிடித்திருக்கிறது.) தங்கச்சி, உங்கள் பதிவைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. சத்தத்தை வைத்து வண்டியைச் சொல்கிற குழந்தைக்குக் கண், மூக்கு வைத்துச் சிரிக்கிற பொம்மை ரயில் போதாது. நிஜ ரயிலையே கொடுங்கள். செலவும் அதில்தான் குறைவு.

முதலில் ஊர்ப் பலகை. மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து. நம் மாநிலத்தில் மேலே தமிழ், நடுவில் இந்தி, கீழே ஆங்கிலம். குழந்தையின் பெயரையே ஊராக எழுதுங்கள். அடியில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரம் என்று போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் குழந்தையின் உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். அந்த எண்ணை மட்டும் சாக்பீஸால் எழுதினால் அவள் வளர வளர மாற்றிக்கொள்ளலாம்.

எழுத்துகளுக்கு வண்டி நம்பர் பிளேட் ஒட்டுகிற ரேடியம் ஸ்டிக்கர் கடைக்குப் போங்கள். தமிழ் எழுத்துருவில் கறுப்பு வினைலில் வெட்டிக் கொடுப்பார்கள். கையால் எழுதுவதைவிடத் திருத்தமாக இருக்கும்.

அடுத்தது சிக்னல். கடைப் பொம்மைகளில் சாலைச் சிக்னலை அப்படியே வைத்து ரயில் சிக்னல் என்று விற்கிறார்கள். சாலையில் சிவப்பு உச்சியில் இருக்கும். ரயில் சிக்னலில் சிவப்பு அடியில் இருக்கும், ஓட்டுநரின் கண் மட்டத்துக்கு அருகில். நான்கு விளக்குச் சிக்னல் என்றால் மேலிருந்து மஞ்சள், பச்சை, மஞ்சள், சிவப்பு. இரண்டு மஞ்சளும் சேர்ந்து எரிந்தால், போகலாம், ஆனால் அடுத்த சிக்னலைக் கவனித்து வேகத்தை அடக்கத் தயாராக இரு என்று பொருள். அட்டையில் நான்கு வட்டம் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் மூடித் திறக்கிற மாதிரி ஒரு சின்ன அட்டைக் கதவு வைத்தால் போதும். தூங்கும் நேரம் நெருங்கும்போது இரட்டை மஞ்சள், பல் தேய்க்கும்போது ஒற்றை மஞ்சள், விளக்கை அணைத்ததும் சிவப்பு. என் பேரனுக்கு இதைச் செய்து கொடுத்தேன். “படு, படு” என்று யாரும் கத்த வேண்டியதில்லை, சிக்னலை மாற்றினால் அவனே வண்டியை நிறுத்துவான்.

கட்டிலுக்கு வருவோம். ஸ்லீப்பர் பெட்டியில் எட்டெட்டாகப் படுக்கை எண் வரும். 1, 4 கீழே. 2, 5 நடுவே. 3, 6 மேலே. 7 சைடு லோயர். 8 சைடு அப்பர். பழைய ஐசிஎஃப் வகைப் பெட்டியில் 72 படுக்கைகள், புதிய எல்எச்பி வகைப் பெட்டியில் 80. உங்கள் அறையில் கட்டிலைச் சுவரோரமாக நீளவாக்கில் போடுவீர்கள் என்றால் அது சைடு லோயர். எண் 7 என்று எழுதி ஒட்டுங்கள். பெட்டிக்கு நீல நிறம் கொடுங்கள். 1955-லிருந்து பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையில் பெட்டி செய்கிறார்கள். உங்கள் மகளுக்குப் பக்கத்து ஊர்த் தொழிற்சாலை.

கடைசியாக, கட்டிலின் கால்மாட்டில் ஒரு சின்னப் பலகை. கடைசிப் பெட்டியின் பின்னால் ‘எல்வி’ என்று ஒன்று தொங்குமே, கடைசி வண்டி என்பதற்கு. பெரிய பெருக்கல் குறியும் வரைந்திருப்பார்கள். ஸ்டேஷனில் இருப்பவர் அதைப் பார்த்துத்தான் வண்டி முழுசாக வந்து சேர்ந்தது, நடுவழியில் எந்தப் பெட்டியும் கழன்று நிற்கவில்லை என்று உறுதி செய்வார். நான் வேலை பார்த்த காலம் முழுக்க வண்டி கிளம்பும் முன் அதைத்தான் முதலில் பார்ப்பேன். குழந்தையிடம் இதைச் சொல்லுங்கள், தினமும் அவளே சரிபார்ப்பாள்.

குரோம்பேட்டை அம்மா:

ஐயா, உங்கள் பதிவைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இரட்டை மஞ்சளைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். இப்போது வீட்டில் யார் எழுந்து போனாலும் “எந்த சிக்னல்?” என்கிறாள். உங்கள் பாதையில்தான் போகப்போகிறோம்.

மழைத்துளி:

நானும் கட்சி மாறிவிட்டேன்! ஆனால் துணியில் வரைய எல்லோருக்கும் வராதே. ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டால் என்ன? சதுர அடி கணக்கில் மலிவு. ஸ்டேஷன் படத்தை 10 அடிக்கு 6 அடியில் அடித்துக்கொண்டு வந்துவிடலாமே.

ஈரோட்டு நெசவு:

படுக்கிற அறைக்கு ஃப்ளெக்ஸ் வேண்டாம் தங்கச்சி. புது ஃப்ளெக்ஸை விரித்ததும் ஒரு நெடி அடிக்குமே, அது சின்ன அறையில், ஜன்னல் சாத்திய நேரத்தில், குழந்தை மூக்குக்கு நேரே. பிவிசி சமாசாரம், காற்றும் புகாது, தீப்பிடித்தால் புகை விஷம்.

வர்ணம் 25:

அதே கருத்து. தெர்மாகோலும் வேண்டாம். சீக்கிரம் தீப்பிடிக்கும், குழந்தை கிள்ளி எடுத்தால் மணி மணியாக உதிர்ந்து மூக்குக்குள் போகும். வரைய வராது என்ற கவலையே தேவையில்லை. ரயில் வரைவது யானை வரைவது மாதிரி இல்லை. செவ்வகம், வட்டம், நேர்கோடு. டேப்பும் ரோலரும் இருந்தால் வேலை முடிந்தது.

கொடிகாமம்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கார்ட் ஐயாவின் பதிவை ஆசையோடு வாசித்தேன். 1990-க்குப் பிறகு எங்களுடைய பக்கம் தண்டவாளமே இல்லாமல் போனது. 2014 ஒக்டோபரில்தான் யாழ்தேவி ரயில் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தது. ரயிலைக் காணாமலே வளர்ந்த தலைமுறை நாங்கள். இப்ப என்ர மகன் கோச்சி (ரயில்) என்றால் சாப்பாட்டையும் விட்டுவிட்டு ஓடுவான்.

அவனுக்கு நாங்கள் செய்தது ஊர்களின் வரிசை. வவுனியாவில் தொடங்கி ஓமந்தை, மாங்குளம், கிளிநொச்சி, பளை, கொடிகாமம், சாவகச்சேரி, யாழ்ப்பாணம், காங்கேசன்துறை வரைக்கும் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு காட்போட் மட்டை, சுவரடியில் வரிசையாக. எங்களுடைய பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று வரும். அம்மம்மா ஒவ்வொரு ஊரிலும் நின்று அந்த ஊர்க் கதை சொல்லுவா. பிள்ளை எழுத்துப் படித்ததும் அதிலேதான். உங்களுடைய மாமியார் அந்த அறையில் படுப்பார் என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய ஊர் வரைக்கும் ஒரு லைன் போடுங்கோ.

குரோம்பேட்டை அம்மா:

எவ்வளவு அழகான யோசனை! மாமியாரின் ஊர் விருத்தாசலம் பக்கம். தாம்பரம், செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம். அவர் வழக்கமாக வந்து போகிற பாதை இதுதான்.

இரு பிள்ளைத் தந்தை:

யாரும் சொல்லாத சில விஷயங்கள். அழகைவிட இவைதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

ரயில் என்றதும் இரட்டை அடுக்குக் கட்டில் நினைவுக்கு வரும். வேண்டவே வேண்டாம். ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை மேலடுக்கில் படுக்க வைக்கக் கூடாது என்பது பொதுவான பாதுகாப்பு அறிவுரை. நம் வீட்டில் அதற்குமேல் சீலிங் ஃபேன் வேறு சுற்றுகிறது. அதே காரணத்தால் கூரையிலிருந்து மேகம், தோரணம் எதையும் ஃபேன் பக்கம் தொங்கவிடாதீர்கள்.

கட்டிலை ஜன்னலுக்கு அடியில் போடாதீர்கள், ஏறி நிற்பார்கள். திறந்த அலமாரி ஏதாவது வாங்கி வைத்தால் அதைச் சுவரோடு பிணைக்க வேண்டும். குழந்தைகள் தட்டுகளைப் படிக்கட்டாக நினைத்து ஏறும்போது அலமாரி அப்படியே மேலே சாய்ந்துவிடும். ஆணி அடிக்கக் கூடாது என்கிற வீட்டில் உயரமான அலமாரியே வேண்டாம், இடுப்பளவு உள்ளதே போதும். சீரியல் விளக்கு போட்டால் வயர் கைக்கு எட்டக் கூடாது. பட்டன் பேட்டரி போடுகிற விளக்கோ பொம்மையோ அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொத்துவிடும்.

விளையாட்டுக்குக் கட்டுகிற கயிறு எதுவாக இருந்தாலும் கழுத்தைச் சுற்றுகிற நீளம் இருக்கக் கூடாது, ஒரு சாணுக்குள் வையுங்கள்.

நூலகப் பசை:

அட்டைப் பெட்டி வேலை செய்பவர்களுக்கு: பழைய அட்டையின் நெளிவுக்குள் கரப்பான் முட்டை இருக்கும். நல்ல வெயிலில் ஒரு நாள் போட்டுத் தட்டி எடுங்கள். மைதாப் பசை பயன்படுத்தினால் வெள்ளிப்பூச்சி தேடி வரும். புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மைதாவில் மயில் துத்தம் கலப்பார்கள், அது விஷம், குழந்தை அறைக்கு ஆகாது. ஃபெவிகால் போதும். பெயிண்டை ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அட்டை வில்லாக வளையும். இரண்டு பக்கமும் அடியுங்கள். வெட்டிய ஓரம் எல்லாவற்றிலும் காகித டேப் ஒட்டிவிடுங்கள், அட்டை ஓரம் பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும்.

குரோம்பேட்டை அம்மா:

வேலை முடிந்தது! ஒவ்வொருவரும் சொன்னது எப்படிப் பயன்பட்டது என்று எழுதியே ஆக வேண்டும்.

கட்டில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. பழைய தேக்கு திவான், 1,800 ரூபாய், ஆட்டோவுக்கு 350. வாங்கும்போது கணவர் கால் இடுக்கெல்லாம் டார்ச் அடித்து மூட்டைப்பூச்சி பார்த்தார், நான் உளுத்த துளை இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தேன். வந்ததும் மொட்டை மாடி வெயிலில் போட்டோம். தெருமுனை எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஃபிரிட்ஜ் அட்டை இரண்டு, 200 ரூபாய். திவானின் வெளிப்பக்கம் முழுவதையும் அதை வைத்து மூடிப் பெட்டியின் பக்கச் சுவராக்கினோம். ஏறி இறங்க நடுவில் இரண்டடி வாசல். இரண்டு பக்கமும் ஜன்னல்கள், காற்று தாராளமாகப் போகிறது. அட்டைச் சுவரின் உயரம் மெத்தை மட்டத்திலிருந்து ஒன்றரை அடிதான். படுத்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

காடா துணி ஐந்து மீட்டர் 450. எமல்ஷன், பிரைமர், ஸ்டெயினர் எல்லாம் சேர்த்து 900. துணியில் பெரிதாக எதையும் வரையவில்லை. மேலே வானம், கீழே பிளாட்பாரம், நடுவில் ஒரு புங்கமரம். துணிக்கு ஏற்கெனவே சுவரில் ஏழடி உயரத்தில் இருந்த இரண்டு கொக்கிகள் போதுமாக இருந்தன. ஜமக்காளம் 850, சங்க முத்திரை பார்த்துத்தான் வாங்கினேன். பலகைக்கு பிளைவுட் துண்டு 300, ஸ்டிக்கர் எழுத்து 220, மெத்தை உறை 400. மெத்தை, எங்கள் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்து அடித்துத் தைத்தது, அந்தக் கூலியை அம்மா கொடுத்துவிட்டார். மொத்தம் 5,470.

டீச்சர் சொன்ன மூன்றரை அடிக் கணக்கு மிகச் சரி. ஊர்ப் பலகையை அவள் தோள் உயரத்தில் நிற்க வைத்திருக்கிறோம். உயரம் 106 என்று சாக்பீஸில் எழுதியது இதற்குள் பலமுறை அழிந்து, அவளே திரும்ப எழுதியிருக்கிறாள், ஒருமுறை 601 என்று. ஊர் அட்டைகள் சுவரடியில் வரிசையாக இருக்கின்றன. மாமியாருக்கு அதில்தான் மிகவும் சந்தோஷம். உளுந்தூர்பேட்டையில் வண்டி எவ்வளவு நேரம் நிற்கும் என்று இருவருக்கும் தினமும் வாக்குவாதம்.

நாங்களாகச் சேர்த்தது ஒன்று: பாம்பன் பாலம். இரண்டு செருப்புப் பெட்டி, நடுவில் ஒரு அட்டைத் துண்டு. 1914-ல் திறந்த பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து கைகூப்புவதற்கு முன்னால் கைகள் இருக்கிற மாதிரி மேலே எழுந்துவந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். புதியதுதான் செய்வதற்குச் சுலபம். இரண்டு பக்கமும் ஒரு சாண் கயிறு, இழுத்தால் நடு அட்டை மேலே ஏறும். அடியில் கப்பலாகப் போவது சோப்பு டப்பா.

அருவி அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே மாமியார் ஊருக்குப் போகிற நாட்களில் எங்கள் அறைக்கு வந்துவிடுகிறாள். வரும்முன் கால்மாட்டில் எல்வி பலகையைச் சரிபார்த்துவிட்டுத்தான் வருகிறாள்.

அருவி:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. என் பேத்திக்கும் ஒரு மூலை செய்யலாம் என்று தோன்றுகிறது. எங்களுடையது ஒரே ஒரு படுக்கையறை, ஹாலில் ஜன்னலோரம் ஆறடிக்கு நாலடி இடம்தான் உண்டு. அவளுக்கு ரயில் எல்லாம் கிடையாது, மீன் பிடிக்கும்.

பாலர் வகுப்பு டீச்சர்:

தாராளமாகப் போதும். இரண்டு பக்கம் சுவர் இருக்கிற மூலையாகப் பாருங்கள். கீழே கோரைப்பாய், மேலே பழைய நீலப் பருத்திப் புடவை ஒன்றைக் கூடாரமாகக் கட்டினால் கடல் வந்துவிடும். அட்டை மீன்களைப் புடவையின் உள்பக்கம் குத்தாமல் துணி கிளிப்பால் மாட்டுங்கள், அவளே இடம் மாற்றுவாள். எந்த மீன் என்று அவளையே கேளுங்கள். வஞ்சிரம், நெத்திலி, சுறா என்று சந்தையில் பார்த்ததைச் சொல்வாள், அதை வெட்டுங்கள்.

மழைத்துளி:

குரோம்பேட்டை அக்கா, சிக்னலின் அளவு என்ன? அட்டைக் கதவு தானாகத் திறந்துகொள்ளாமல் எப்படி நிற்க வைத்தீர்கள்?

குரோம்பேட்டை அம்மா:

இரண்டடி உயரம், ஏழு அங்குல அகலம். வட்டங்களை டம்ளரைக் கவிழ்த்து வரைந்தோம். கதவுக்கு மேல்பக்கம் துணி டேப்பில் கீல், கீழ்ப்பக்கம் ஒரு பொட்டு அளவு வெல்க்ரோ. தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் தருவார்கள், அரை மீட்டர் போதும். கதவைத் தூக்கி மேலே நிறுத்தவும் அதே மாதிரி வெல்க்ரோ வேண்டும். பின்னால் மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டிலைக் கட்டிவிடுங்கள், ஓடி வந்து இடித்தாலும் சாயாது.